வாசற்படிக்குக் கீழே

அவைத்தலைவருக்கும் தமிழன்பர்களுக்கும் வணக்கம்.

தமிழ்மொழி மாதத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். சிங்கப்பூரில் நம் பிள்ளைகள் உளவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். அங்கே கற்ற சொற்களைத் தமிழில் வைத்து உரசிப் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? இன்று நான் எடுத்துக்கொண்ட சொல் 'சப்லிமினல்'.

இதைப் பெரும்பாலோர் 'ஆழ்மனம் சார்ந்த' என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லத்தீனில் 'சப்' என்றால் கீழே. 'லிமென்' என்றால் வாசற்படி. கிணற்றின் ஆழமும் நிலவறை இருட்டும் இந்தச் சொல்லில் இல்லை. ஒளி, ஒலி, தொடுதல் என எது வந்தாலும், படியைத் தாண்டினால் நாம் அதை உணர்கிறோம், தாண்டாவிட்டால் உணர்வதில்லை. அவ்வளவுதான். ஐம்புலன்களைப் 'பொறிவாயில்' என்று வள்ளுவர் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வாசல் புதிதன்று.

லத்தீன் வேர் இருப்பதால் ரோமாபுரியில் புழங்கிய சொல் என்று எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலத்தில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது. அதற்கு முன்பே ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட் 'உணர்வின் வாசற்படி' என்று எழுதியிருந்தார். எண்ணங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும். தோற்றது படிக்குக் கீழே இறங்கும். அழியாது, வாய்ப்பு வந்தால் மீண்டும் ஏறும் என்பது அவர் கொள்கை. அந்தப் படியின் உயரத்தை அளக்கும் வழிகளை 1860இல் ஒரு நூலாகவே தந்தவர் இன்னொரு ஜெர்மானிய அறிஞரான ஃபெக்னர்.

பிறகு இங்கிலாந்தில் மையர்ஸ் வந்தார். ஆவிகளையும் தொலைவுணர்வையும் ஆராய 1882இல் தொடங்கிய சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். படிக்குக் கீழே நம்மைவிடப் பெரிய இன்னொரு 'நான்' இருக்கிறது என்று அவர் எழுதினார். இந்தச் சொல்லின் மேல் படிந்த மர்மத்தில் பெரும்பங்கு அவருடையது என்பேன். அளவுகோலோடு நின்றிருந்த சொல் அவர் கையில் மாந்திரீகம் பூசிக்கொண்டது.

அளந்தவர்கள் கண்டது அதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் பர்ஸ், ஜாஸ்ட்ரோ என்ற இருவர் 1880களின் நடுவில் ஒரு சோதனை செய்தார்கள். விரலை அழுத்தும் இரு எடைகளில் எது கூடுதல் என்று சொல்ல வேண்டும். வேறுபாடு மிக நுண்ணியது. 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஊகிக்கிறேன்' என்ற நிலையிலும் ஐந்துக்கு மூன்று முறை விடை சரியாக இருந்தது. வெறும் ஊகமானால் பாதிதான் சரியாகும். அறியாமலே ஏதோ அறிந்திருக்கிறார்கள்! அந்தப் படிகூட ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஓர் ஒலியைப் பாதித் தடவை கேட்டு, பாதித் தடவை கேளாமல் விடும் அளவையே வாசற்படி என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் அது ஏறி இறங்கும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். எம்ஆர்டி ரயிலில் அறிவிப்பு வருகிறது. கைப்பேசியில் மூழ்கியிருக்கும் நாம் அதைக் கேட்பதில்லை. இதைச் சப்லிமினல் என்பது தவறு. அறிவிப்பு உரக்கத்தான் ஒலித்தது; நம் கவனம் வேறிடத்தில் இருந்தது. கவனித்தாலும் உணர முடியாத அளவுக்கு நலிந்தோ விரைந்தோ வருவதற்கே இந்தச் சொல் பொருந்தும்.

இதைக் காசாக்கப் பார்த்தவர்கள் கதைக்கு வருகிறேன். 1957இல் விக்காரி என்ற விளம்பர ஆய்வாளர், நியூ ஜெர்சி திரையரங்கு ஒன்றில் படம் ஓடும்போது 'பாப்கார்ன் தின்னுங்கள்', 'கோக்கா கோலா குடியுங்கள்' என்ற வரிகளை விநாடியின் 3,000இல் ஒரு பங்கு நேரம் மின்னவிட்டதாக அறிவித்தார். பாப்கார்ன் விற்பனை 57 விழுக்காட்டுக்கு மேல் ஏறியதாம், கோலா 18 விழுக்காடாம். உலகமே அரண்டது. 1962இல் அவரே, தம்மிடம் இருந்த தரவு எதையும் மெய்ப்பிக்கப் போதாது என்று சொல்லிவிட்டார். இருந்தும் அந்தக் கதை இன்றுவரை வாட்ஸ்அப்பில் நடமாடுகிறது. மறுப்புக்கு அந்தக் கால் இல்லை.

அடுத்து வந்தன தன்னம்பிக்கை ஒலிநாடாக்கள். கேட்பது அலையோசை, உள்ளே ஒளிந்திருப்பது அறிவுரை என்றார்கள். 1991இல் வெளியான ஓர் ஆய்வில் நினைவாற்றல் நாடாவுக்கும் தன்மதிப்பு நாடாவுக்கும் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிப் பலருக்குக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பின் சோதித்தால் நினைவாற்றலும் ஏறவில்லை, தன்மதிப்பும் ஏறவில்லை. ஆனால் கேட்டவர்களில் பலர் முன்னேறிவிட்டதாக நம்பினார்கள். எதில்? சீட்டில் எழுதியிருந்ததில்! வேலை செய்தது படிக்கு மேலே, பளிச்சென்று அச்சடித்த பெயர்தான்.

அப்படியானால் எல்லாமே பொய்யா என்றால், இல்லை. 2006இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு குளிர்தேநீரின் பெயரைக் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் திரையில் காட்டினார்கள். ஏற்கெனவே தாகத்தோடு இருந்தவர்கள் அந்தப் பானத்தைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். தாகம் இல்லாதவர்களிடம் அந்த விளைவு தெரியவில்லை.

என் நேரம் முடிந்தது என்று அவைத்தலைவர் சைகை காட்டுகிறார். அது படியைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.