காட்டைக் காத்த தொழிற்சங்கத் தலைவர்: சிக்கோ மென்டிஸ்

வணக்கம் நண்பர்களே! 1988 டிசம்பர் 22, இரவு. பிரேசிலின் மேற்குக் கோடியில் ஷாப்புரி என்றொரு சின்ன ஊர். ஒரு வீட்டுச் சமையலறையில் காவலுக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்கள் டோமினோ ஆடுகிறார்கள். வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு, குளிக்கப் பின்கதவைத் திறக்கிறார். இருட்டிலிருந்து குண்டு பாய்கிறது. அவருக்கு 44 வயது நிறைந்து ஒரே வாரம்.

அவர்தான் சிக்கோ மென்டிஸ். 'அமேசானைக் காத்த சுற்றுச்சூழல் போராளி' என்றுதான் உலகம் அவரைக் கொண்டாடுகிறது. எனக்கு அது போதாது. அவர் முதலில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர். காடு அவர்களுடைய வேலைத்தலம். அதை அழித்தால் பிழைப்பு போய்விடும். அவருடைய போராட்டம் தொடங்கியது அங்கேதான்.

[திரையில்: ஷாப்புரி இருக்கும் ஆக்ரே மாநில வரைபடம்]

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடுவோம். அங்கே தோட்டம் கிடையாது; ரப்பர் மரங்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும். முதலாளி அரிசி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அதிக விலைக்குக் கடனாகக் கொடுப்பார், ரப்பரை அடிமாட்டு விலைக்கு வாங்குவார். கணக்கைச் சரிபார்க்கத் தொழிலாளிக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் வர முதலாளிகள் விடவில்லை. சிக்கோ 9 வயதில் பால் வெட்டப் போனவர். காட்டில் தலைமறைவாக இருந்த ஒரு கம்யூனிஸ்ட் அவருக்குப் பழைய செய்தித்தாள்களை வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1970களில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் நிலத்தை வாங்கிக் குவித்துக் காட்டை எரிக்கத் தொடங்கினார்கள். 1975-இல் பக்கத்து ஊரான பிரசிலேயாவில் சங்கம் பிறந்தது. சிக்கோ அதன் செயலாளர். தலைவர் வில்சன் பின்ஹேரோ.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 'எம்பாச்சே' என்ற அவர்களுடைய போராட்ட முறை இது. காட்டை வெட்ட ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஊரே கிளம்பும். சில சமயம் நூறு, இருநூறு பேர். பெண்களும் குழந்தைகளும் முன்வரிசையில். கையில் ஆயுதம் இல்லை. தேசிய கீதம் பாடிக்கொண்டே வெட்டுமிடத்துக்கு நடப்பார்கள். அங்கே ரம்பம் பிடித்து நிற்பவன் யார்? அவனும் கூலிக்காரன்தான். பலர் காட்டிலிருந்து விரட்டப்பட்ட பழைய பால்வெட்டுக்காரர்கள். அதனால் அடிதடி இல்லை. உட்கார்ந்து பேசுவார்கள். 'இந்தக் காடு போனால் நாங்கள் எங்கே போவது? நாளைக்கு நீ எங்கே போவாய்?' என்கிற பேச்சு. வெட்ட வந்தவர்கள் வேலையை நிறுத்தியதும், அவர்கள் தங்கியிருந்த கொட்டகைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு ஊர்க்காரர்கள் திரும்புவார்கள்.

எதிரில் நிற்பவனையும் தொழிலாளியாகப் பார்த்தார்களே, அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயம். நல்ல சங்கத் தலைமை அப்படித்தான் யோசிக்கும்.

எல்லாம் ஜெயித்ததா? இல்லை. சிக்கோ சொன்ன கணக்குப்படி 45 எம்பாச்சேகளில் வென்றவை 15, தோற்றவை 30. கைதுகள், சித்திரவதைகள் வேறு. 1980 ஜூலையில் வில்சன் பின்ஹேரோவைச் சங்க அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அப்புறமும் சிக்கோ விலகவில்லை. ஷாப்புரி சங்கத்துக்குத் தலைவரானார். 1985-இல் பால்வெட்டுத் தொழிலாளர்களின் தேசிய மாநாடு நாட்டின் தலைநகரான பிரசிலியாவில் கூடியது. அங்கே முன்வைத்த கோரிக்கை இது: நிலம் அரசுடையது, காட்டைப் பயன்படுத்தும் உரிமை அங்கே வாழும் குடும்பங்களுடையது, யாரும் விற்க முடியாது.

1987-இல் அமெரிக்கா போய், காட்டைத் திறந்துவிடும் சாலைக்குக் கடன் கொடுத்த வங்கிக்காரர்களிடமே நேரில் முறையிட்டார். கடன் நிறுத்திவைக்கப்பட்டது. மறுவருடம் கஷோயெய்ரா என்ற காட்டை ஒரு பண்ணையார் வெட்டவிடாமல் சங்கம் தடுத்தது. அந்தப் பண்ணையாருக்கும் அவர் மகனுக்கும்தான் சிக்கோ கொலை வழக்கில் 1990-இல் 19 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அதே 1990-இல் சிக்கோவின் பெயரில் சுமார் 9 லட்சத்து 70 ஆயிரம் ஹெக்டேர் காடு, 1985 மாநாட்டுக் கோரிக்கையின்படியே ஒதுக்கப்பட்டது. இன்று அதற்குள்ளும் மாட்டு மேய்ச்சல் பரவி மரங்கள் விழுகின்றன. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்கள் வெட்டியதும் இதே அமேசான் மரத்தின் வழித்தோன்றல்களைத்தான்; 1876-இல் விதை அங்கிருந்துதான் வெளியே போனது. உங்கள் வீட்டில் யாராவது பால் வெட்டியிருந்தால், சங்கத்தில் இருந்திருந்தால், அவர்கள் சொன்ன கதையைக் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவுக்கு அதை எடுத்துக்கொள்கிறேன்.