பழைய எக்ஸ்பாக்ஸுக்குள் ஒரு வைஃபை

வணக்கம் நேயர்களே. மைக்ரோசாஃப்டின் வீடியோ கேம் பெட்டியான முதல் எக்ஸ்பாக்ஸ் 2001 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 733 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 64 எம்பி நினைவகம். ஆனால் எனக்கு அதில் மிகவும் பிடித்தது பின்பக்கம் நெட்வொர்க் கேபிளைச் செருகும் ஈதர்நெட் போர்ட்தான். பிராட்பேண்ட் பல வீடுகளுக்கு எட்டாத அந்தக் காலத்திலேயே, ஒவ்வொரு பெட்டியிலும் அதை வைத்து விற்றார்கள். அந்த போர்ட் இருப்பதால்தான் இன்றைக்கு அதற்குள் வைஃபையைப் பொருத்த முடிகிறது.

எக்ஸ்பாக்ஸுக்கு வைஃபை தெரியாது, நாம் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். அது எப்போதும் போல ஈதர்நெட்டில் பேசட்டும். அதை வாங்கி வைஃபையாக மாற்றி ரவுட்டருக்கு அனுப்ப, உள்ளங்கையில் அடங்கும் பிரிட்ஜ் ஒன்று போதும். 2003இல் மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற வயர்லெஸ் அடாப்டர் செய்ததும் இதே வேலைதான். இப்போது கிடைக்கும் பிரிட்ஜ் மிகச் சிறியது, 5 வோல்ட்டில் ஓடுகிறது. அதனால் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம்.

100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு எட்டு கம்பிகளும் தேவையில்லை. 1, 2, 3, 6 என்ற நான்கு போதும். மதர்போர்டைக் கழற்றித் திருப்பி, போர்ட்டின் அடியில் இருக்கும் அந்த நான்கு கால்களில் கம்பிகளைச் சால்டர் செய்ய வேண்டும். பழைய நெட்வொர்க் கேபிள் துண்டிலிருந்தே எடுங்கள். அதில் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும், அந்த முறுக்கைப் பிரிக்காதீர்கள். குறுக்கே வரும் இரைச்சலைத் தடுப்பது அதுதான். பிரிட்ஜ் வேலை செய்யும்போது பின்னால் கேபிளையும் சேர்த்துச் செருகக்கூடாது. ஒரே கம்பியில் இரண்டு பேர் பேசினால் யார் பேச்சும் விளங்காது.

மின்சாரத்துக்கு ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சிவப்புக் கம்பி இருக்கிறது, 5 வோல்ட். பக்கத்திலேயே மஞ்சள், 12 வோல்ட். மாற்றிக் கொடுத்தால் பிரிட்ஜ் அந்த நொடியே போய்விடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடவே வேண்டாம். பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே திறந்தபடி இருப்பதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருங்கள். அதன் கபாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

நான் தவறு செய்த இடம் ஆன்டெனா. மூடியைத் திறந்து வைத்துச் சோதித்தபோது சிக்னல் நன்றாக இருந்தது. மூடியதும் பாதியாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் இரண்டும் உலோகக் கூடுகள், மதர்போர்டைச் சுற்றியும் உலோகத் தகடு. நடுவில் ஆன்டெனாவைத் திணித்திருந்தேன். சின்ன ஒயரோடு வரும் ஆன்டெனாவாக மாற்றி, முன்முகத்தின் பிளாஸ்டிக்குப் பின்னால் ஒட்டினேன். சரியாகிவிட்டது. ஆன்டெனாவுக்காக வெளிக்கூட்டில் ஓட்டை போடுகிறவர்களும் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெட்டி இனிமேல் தயாராகப் போவதில்லை.

திறந்ததுதான் திறந்தீர்கள், கடிகாரத்துக்கான கபாசிட்டரையும் பாருங்கள். 1.6 என்ற பதிப்புக்கு முந்தைய மதர்போர்டுகளில் அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். எடுத்துவிட்டாலும் எக்ஸ்பாக்ஸ் ஓடும், பிளக்கைப் பிடுங்கினால் நேரம் மட்டும் மறந்துபோகும். வைஃபை வராவிட்டால்கூடப் பரவாயில்லை, இதைச் செய்துவிடுங்கள்.

இத்தனை பாடுபட்டு எங்கே இணைவது? முதல் எக்ஸ்பாக்ஸில் இணையம் வழியாகச் சேர்ந்து விளையாட உதவிய லைவ் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது. அப்புறம் இன்சிக்னியா என்ற பெயரில் ஆர்வலர்களே அதற்கு மாற்றான சர்வரை எழுதி, இலவசமாக நடத்துகிறார்கள். நான்கு திருகுகளை மட்டும் மாட்டிவிட்டு, கேபிள் இல்லாமல் அதில் முதல்முறை உள்ளே போன அன்று, மீதித் திருகுகளை முடுக்க எனக்கு நடு இரவாகிவிட்டது. வணக்கம்.