மல்டிமீட்டர் யார் கையில்?

[திரை: ஒரு செய்முறை மேசை, மேலிருந்து. நான்கு ஜோடிக் கைகள். ஒரு பேட்டரி, இரண்டு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர், ஒரு ரெக்கார்டு நோட்டு.]

இந்த மேசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். இயற்பியல் செய்முறை வகுப்பு. நான்கு பேர் ஒரு குழு. மூன்று பையன்கள், ஒரு பெண். சுற்றில் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருவன் ஒயரை முறுக்குகிறான். இன்னொருவன் அளக்கும் கருவியான மல்டிமீட்டரின் குமிழைத் திருப்புகிறான். மூன்றாமவன் "டேய், தப்பா வச்சிருக்கடா" என்கிறான். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து அந்தப் பெண்ணைப் பார்க்கிறார்கள்.

"உன் கையெழுத்து அழகா இருக்கும். நீ எழுதிடு."

யாரும் அவளைத் திட்டவில்லை. "உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்கவும் இல்லை. பாராட்டித்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அவளும் சந்தோஷமாகவே எழுதினாள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எழுதியவள் நான்.

அந்த வருஷம் ரெக்கார்டு நோட்டுக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். எங்கள் குழுவின் பையன்கள் மூன்று ஃப்யூஸ் எரித்தார்கள். நான் ஒன்றுகூட எரிக்கவில்லை. அதை ரொம்ப நாள் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

[திரை: தலைப்பு]

பெண்களை அறிவியலுக்கும் பொறியியலுக்கும் கொண்டுவருவது பற்றிப் பேச்செடுத்தாலே 'ஊக்கம் கொடுக்க வேண்டும்' என்று தொடங்கிவிடுகிறோம். உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் பெண் என்கிறது யுனெஸ்கோ. பிப்ரவரி 11-ஐ அறிவியலில் பெண்கள், சிறுமிகளுக்கான நாளாக 2015-இல் ஐ.நா. அறிவித்தது. அன்றைக்கு உரைகள் இருக்கும், போஸ்டர் இருக்கும். இருக்கட்டும். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு யாராவது வந்து "உன்னால் முடியும்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலையாட்டிவிட்டுத் தொடர்ந்து எழுதியிருப்பாள். பேனா அவள் கையில், மீட்டர் அவன் கையில்.

இந்த வீடியோ அந்த மீட்டரைப் பற்றியது.

[திரை: குழந்தைகள் வரைந்த படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி.]

முதலில் ஒரு பழைய ஆய்வு. "ஒரு விஞ்ஞானியை வரை." குழந்தைகளிடம் கேட்டது இதை மட்டும்தான். டேவிட் வேட் சேம்பர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1966 முதல் 1977 வரை 4807 குழந்தைகளின் படங்களைச் சேர்த்து, 1983-இல் முடிவை வெளியிட்டார். வரைந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சிறுமிகள். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் எத்தனை பேர்? 28. சதவீதம் இல்லை, மொத்தமே இருபத்தெட்டுப் படங்கள். அந்த 28 படத்தையும் வரைந்தது சிறுமிகள்தான். ஒரு பையன்கூட வரையவில்லை.

அது அந்தக் காலம் என்பீர்கள். சரி. அமெரிக்காவில் ஐம்பது வருஷமாக நடந்த இதே மாதிரி ஆய்வுகளை 2018-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். நிலைமை மாறித்தான் இருக்கிறது. 1985 முதல் 2016 வரையிலான ஆய்வுகளில் சராசரியாக நூற்றுக்கு 28 குழந்தைகள் பெண்ணை வரைந்திருக்கிறார்கள். ஆனால் அதே தொகுப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆறு வயதுச் சிறுமிகள் வரைந்த விஞ்ஞானிகளில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். பதினாறு வயதில்? நான்கில் ஒன்று.

பிறக்கும்போதே அறிவியல் பிடிக்காமல் பிறப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்தப் பத்து வருஷத்தில் என்னவோ நடக்கிறது.

என்ன நடக்கிறது என்பதில் ஒரு துண்டு 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் கிடைக்கிறது. ஐந்து வயதில் பையன்களும் சிறுமிகளும் 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' என்றால் தங்கள் பாலினத்தவரைத்தான் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமிகள் தயங்க ஆரம்பித்தார்கள். அடுத்து இரண்டு விளையாட்டுகளைக் காட்டினார்கள். 'ரொம்பப் புத்திசாலிகளுக்கானது' என்று சொல்லப்பட்டதில் சிறுமிகளுக்கு ஆர்வம் குறைந்தது. 'ரொம்ப முயற்சி செய்கிறவர்களுக்கானது' என்று சொல்லப்பட்டதில் பையன்களுக்கும் சிறுமிகளுக்கும் வித்தியாசமே இல்லை. பெட்டிமேல் ஒட்டிய பெயர்தான் வேறு!

[திரை: கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அறை நிறைய ஒயர்களும் பலகைகளும். இரண்டு பெண்கள் கேபிள் சொருகுகிறார்கள்.]

இப்போது இந்தப் படத்தைப் பாருங்கள். எனியாக், தொடக்ககால மின்னணுக் கணினிகளில் ஒன்று. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். 1946 பிப்ரவரியில் உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன்.

கீபோர்டு கிடையாது, நிரல் மொழி கிடையாது, எப்படி இயக்குவது என்று சொல்லும் கையேடும் கிடையாது. பாதுகாப்பு அனுமதி வராததால் முதலில் இயந்திரம் இருக்கும் அறைக்குள்ளேயே அவர்களை விடவில்லை. வரைபடங்களை மட்டும் கொடுத்து, "படித்துப் புரிந்துகொள்ளுங்கள்" என்றார்கள். புரிந்துகொண்டார்கள். பின்னால் கேபிளைக் கையால் பிடுங்கிச் சொருகி வேலை செய்யும்போது, எங்காவது கோளாறு வந்தால் இத்தனை ஆயிரம் குழாய்களில் எது போயிருக்கிறது என்கிற அளவுக்கு அவர்களால் குறுக்கிக் காட்ட முடிந்தது. காகிதத்தில் தொடங்கியவர்கள் இயந்திரத்தைத் தொட்டதும் யாரைவிடவும் நன்றாகத் தெரிந்துகொண்டார்கள். அறிமுக விழா முடிந்த அன்று நடந்த விருந்துக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. நாற்பது வருஷம் கழித்து ஒரு மாணவி இந்தப் புகைப்படத்தில் இருப்பது யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிறுத்தி வைத்த மாடல்கள் என்று பதில் வந்தது.

கோபம் வருகிறதா? எனக்கு வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கணினி என்பது தொடக்கத்தில் ஆண்களுக்கு மட்டுமான துறையாக இல்லவே இல்லை. 1984-இல்கூட அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் 37 சதவீதம் பெண்கள். அப்புறம் சரிந்து சரிந்து, 2010 வாக்கில் 18 சதவீதத்துக்கு வந்தது. மூளையா சுருங்கிவிட்டது?

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வீடு கணினி வந்தது. விளம்பரங்களில் அது பையன்களின் விளையாட்டுச் சாமான். வீட்டிலும் பையனின் அறைக்குத்தான் போனது. கல்லூரிக்கு வரும்போது அவன் நாலைந்து வருஷம் அதைத் திறந்து, மூடி, கெடுத்து, சரிசெய்து பழகியிருந்தான். அவள் அன்றைக்குத்தான் முதன்முதலில் தொடுகிறாள். முதல் வாரத்திலேயே "இவனுக்கு எல்லாம் தெரிகிறது, எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறாள். அவனுக்கு இருந்தது அறிவு இல்லை, பழக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வகுப்பறைதான் கோளாறு.

[திரை: நீளமான காகிதச் சுருள். அதில் பேனா கிறுக்கிய கோடு.]

வானியல் விஞ்ஞானி ஜோசலின் பெல் பர்னெல். வட அயர்லாந்தில் பள்ளியில் படித்தபோது ஒரு புதன்கிழமை, பையன்கள் எல்லாம் இந்தப் பக்கம், பெண்கள் எல்லாம் அந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். விளையாட்டு வகுப்பு போல என்று நினைத்தாராம். பையன்கள் போனது ஆய்வகத்துக்கு. பெண்கள் போனது வீட்டு நிர்வாகம் கற்றுக்கொள்ள. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவும் அம்மாவும் பள்ளியோடு சண்டைக்குப் போனார்கள். அடுத்த அறிவியல் வகுப்பில் பையன்களோடு மூன்று சிறுமிகள் இருந்தார்கள். அந்தப் பருவத் தேர்வில் முதலிடம் அவருக்குத்தான்.

பின்னாளில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ரேடியோ தொலைநோக்கியைக் கட்டும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. நாலரை ஏக்கர் நிலம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள், சுமார் 2000 ஆன்டெனாக்கள், 120 மைல் நீளத்துக்கு ஒயரும் கேபிளும். படிப்பு முடிவதற்குள் பெரிய சம்மட்டியைச் சுழற்றி அடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1967-இல் காகிதச் சுருளில் ஒரு சின்னக் கிறுக்கல் கண்ணில் பட்டது. நூற்றுக்கணக்கான அடி காகிதத்தில் அது அடைத்துக்கொண்ட இடம் கால் அங்குலம்தான். வேறு யாராக இருந்தாலும் ஏதோ குறுக்கீடு என்று தாண்டிப் போயிருப்பார்கள். ஒயர் ஒயராகத் தானே இழுத்துக் கட்டிய கருவி என்பதால், இது கருவியின் கோளாறு இல்லை என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. இது என் ஊகம்தான், ஆனால் விட மாட்டேன். அந்தக் கிறுக்கல்தான் முதல் பல்சார், அதாவது சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளாகத் தெரியும் ஒரு வகை நட்சத்திரம். 1974-இல் அதற்கு நோபல் பரிசு வந்தபோது அவருடைய வழிகாட்டி பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. 2018-இல் அவருக்குத் தனியாக வந்த 30 லட்சம் டாலர் பரிசை அப்படியே, இயற்பியலில் குறைவாக இருக்கும் பிரிவினரின் படிப்புக்குக் கொடுத்துவிட்டார்.

அம்மா அப்பாவின் அந்த ஒரு சண்டையை யோசித்துப் பாருங்கள். அவர்கள் மகளிடம் ஊக்க உரை எதுவும் ஆற்றவில்லை. ஆய்வகக் கதவைத் திறக்க வைத்தார்கள்.

வேலைக்கு வந்த பிறகும் கதவுகள் உண்டு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு: 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பம் போனது. பாதிப்பேருக்குப் போனதில் பெயர் ஜான், மற்றவர்களுக்குப் போனதில் ஜெனிஃபர். ஜானுக்குச் சராசரியாக வருஷத்துக்கு 30,238 டாலர் கொடுக்கலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. இப்படி மதிப்பிட்டதில் ஆண் பேராசிரியர், பெண் பேராசிரியர் என்ற வித்தியாசம் இல்லை. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து விண்வெளி நடை போவதாக இருந்தது. மீடியம் அளவு விண்வெளி உடையின் மேற்பகுதி, உடனே போடும் நிலையில் ஒன்றுதான் இருந்தது. ஒருவருக்குப் பதில் ஆள் மாற்றினார்கள். அந்த வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதிதான் நாசா வீராங்கனைகள் கிறிஸ்டினா கோக்கும் ஜெசிகா மெயரும் சேர்ந்து வெளியே போனார்கள்.

[திரை: லிப்ஸ்டிக். அதன்மேல் பெரிய பெருக்கல் குறி.]

சரி, என்ன செய்தால் மாறும்? எது மாற்றாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். 2012-இல் ஐரோப்பிய ஆணையம் பெண்களை அறிவியலுக்கு அழைக்க ஒரு வீடியோ போட்டது. ஹை ஹீல்ஸ், அலங்காரப் பொருட்கள், லிப்ஸ்டிக். வந்த கிண்டலில் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். ரோஸ் கலர் பூசினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மாற்றிக் காட்டியது அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி. 2006-இல் மரியா கிளாவே தலைவராக வந்தபோது கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்கள் பத்து சதவீதம் அளவில்தான். ஐந்தாறு வருஷத்தில் நாற்பது சதவீதம் ஆனது. அப்படி என்ன செய்தார்கள்? ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வகுப்பு, புதியவர்களுக்கு ஒரு வகுப்பு என்று பிரித்தார்கள். ஜாவா என்ற நிரல் மொழியை எடுத்துவிட்டு, கற்க எளிதான பைத்தானில் தொடங்கினார்கள். பாடத்தின் பெயரில் நிரலாக்கத்துக்குப் பதிலாகப் பிரச்சினைகளுக்குத் தீர்வு காண்பதை முன்னால் வைத்தார்கள். முதல் வருஷம் முடிந்ததுமே ஆராய்ச்சியில் கைவைக்க விட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான், தெரியும்தானே? கேள்வி கேட்பது போல் தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டுகிறவன். அந்த மாதிரி மாணவரை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "உன்னோடு பேசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மற்றவர்கள் மிரள்கிறார்கள். இதையெல்லாம் நாம் இரண்டு பேரும் தனியாகப் பேசலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வகுப்பில் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

இதை வீட்டிலும் செய்யலாம். மிக்சி ரிப்பேர் என்றால் "தம்பி, ஸ்க்ரூடிரைவர் எடு" என்கிறோமே, அங்கே ஒரு பெயரை மாற்றிப் பாருங்கள். கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மகள் வரும்போது, "எனக்கும் கணக்கு என்றால் பயம்தான்" என்று ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள். பெண் ஆசிரியர்களுக்கு இருக்கும் கணக்குப் பயம் வகுப்புச் சிறுமிகளின் மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. பையன்களின் மதிப்பெண்ணை அது குறைக்கவில்லை. சிறுமிகள் நம்மைப் பார்த்து அளவெடுக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு: குழு பிரிக்கும்போது வேலையையும் நீங்களே பிரித்துக் கொடுங்கள். இந்த வாரம் எழுதியவர் அடுத்த வாரம் அளக்கட்டும்.

[திரை: மறுபடி அதே மேசை. இப்போது மீட்டர் ஒரு சிறுமியின் கையில்.]

மல்டிமீட்டரை மின்னோட்டம் அளக்கும் நிலையில் வைத்து, இரண்டு முனையையும் நேராக பேட்டரியின் இரண்டு பக்கமும் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்த நிலையில் மீட்டருக்குள் தடை என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. மின்சாரம் பாய்ந்து, உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போய்விடும். மின்னோட்டம் அளக்க மீட்டரைத் தொடரில் இணைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் அதை அழகான கையெழுத்தில் எழுதியும் இருக்கிறேன். ஒரு ஃப்யூஸை எரித்த பையன்களுக்கு அது ஏன் என்று மறக்கவே மறக்காது.

நான் முதன்முதலில் எரித்தது கல்லூரி இரண்டாம் வருஷத்தில். கை நடுங்கியது. ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எட்டிப் பார்த்தார், டிராயரைத் திறந்தார், கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு புது ஃப்யூஸை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பின்னால மூடியைக் கழட்டு. மாத்திட்டு மறுபடி பண்ணு."

அவர் போய்விட்டார். நான் ஸ்க்ரூடிரைவரைத் தேட ஆரம்பித்தேன்.