கூரை 3 லோடு, இடித்த பிறகு 5 லோடு!

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே கூரை இல்லாத ஹாலில் நின்று பேசுகிறேன். இது வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் தாத்தா வீடு. போன வாரம் வரை மேலே மெட்ராஸ் டெரஸ் இருந்தது, அதாவது தேக்கு உத்திரத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய காலத்துத் தளம். இப்போது வானம் தெரிகிறது.

பழைய தளத்தை ஏன் எடுத்தோம், புதிதாக என்ன போடப் போகிறோம் என்பதெல்லாம் அடுத்த வீடியோ. இன்றைக்குப் பேச்சு ரப்பீஸ், அதாவது இடித்ததில் விழும் கழிவு பற்றித்தான். இடிக்க ஆள் கிடைத்துவிடும். இடித்ததை எதில் ஏற்றுவது, எங்கே கொட்டுவது என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

டல்லாஸில் இருக்கும் என் பெரியம்மா பையன் போன வருடம் வீட்டுக் கூரை மாற்றினான். அங்கே டம்ப்ஸ்டர் என்று ஒரு பெரிய இரும்புத் தொட்டியை லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். 10, 20, 30 கன கெஜம் என்று அளவு சொல்லி வாடகைக்கு எடுக்கலாம். கூரைமேல் இருந்தே பழைய ஷிங்கிளை, அதாவது அங்கே கூரைக்குப் போடும் மெல்லிய தகடுகளைத் தள்ளிவிட வேண்டியதுதான். தரை உடையாமல் இருக்க அடியில் பிளைவுட் போடுகிறார்கள், விளிம்புக்கு மேல் குவிக்க விடுவதில்லை. சொன்ன எடைக்கு மேல் போனால் தனியாகக் காசு. கூரை அளவை அவர்களும் 100 சதுர அடிக்கு ஒரு 'ஸ்கொயர்' என்றுதான் பேசுகிறார்கள். நம் மேஸ்திரி சொல்லும் அதே 'சதுரம்'!

நமக்கு அந்தத் தொட்டி கிடையாது. டிராக்டர் டிப்பர்தான். அதனால் ஏற்றும் வரை ரப்பீஸ் எங்காவது கிடந்தாக வேண்டும். அந்த 'எங்காவது' பெரும்பாலும் தெருவாகிவிடும்.

என் கணக்கு எங்கே இடறியது என்று சொல்கிறேன். இந்த ஹாலும் பக்கத்து அறையும் சேர்ந்து 4 சதுரம். இந்தச் சுவரோரத்தில் வெட்டு நன்றாகத் தெரிகிறது, கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். மேலே தட்டோடு இரண்டு வரிசை, அது ஒன்றரை அங்குலம். அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி இறுக்கிய தளம், மூன்றரை அங்குலம். அதற்கும் கீழே, தேக்கு உத்திரத்துக்குக் குறுக்கே சாய்வாகக் குத்துக்கல்லாக நிறுத்திய சின்னச் செங்கல், 3 அங்குலம். மொத்தம் 8 அங்குலம். 400 சதுர அடிக்கு 267 கன அடி வருகிறது. டிப்பரை டேப் வைத்து அளந்தேன்: 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி பலகை. 90 கன அடி. வண்டிக்காரர் அதைத்தான் ஒரு யூனிட் என்கிறார். யூனிட் என்றால் 100 கன அடி, அது வேறு பஞ்சாயத்து. சரி, 3 லோடு போதும் என்று பேசி முடித்துவிட்டேன்.

மேஸ்திரி சிரித்தார். "சார், அரிசி வெந்தா சோறு பொங்காதா?" என்றார். தளமாக இருக்கும்போது இறுகிக் கிடப்பது, உடைத்துப் போட்டால் நடுவில் காற்று புகுந்து ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. 267 என்பது 400 ஆகிவிட்டது. இப்போது ஐந்தாவது லோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

மிச்சப்படுத்தலாம் என்று நடுவில் குட்டி யானையைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அது முக்கால் டன் வண்டி. இந்த ரப்பீஸ் 20 கன அடிக்கே அந்த எடை வந்துவிடும். தொட்டி நிறையவே இல்லை, அதற்குள் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை நேராகிவிட்டது. அதை நம்பாதீர்கள்.

அப்புறம் மழை. இரண்டாம் நாள் சாயங்காலம், டிராக்டர் வராததால் குவியலைத் தெருவோரத்தில் விட்டிருந்தோம். வேலூர் வெயிலைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் இங்கே வெயில் கொளுத்தும் நாளில்தான் சாயங்காலம் இடியும் வரும். அரை மணி நேரத்தில் சுண்ணாம்பெல்லாம் கரைந்து பாயசம் மாதிரி சாக்கடையில் இறங்கி அடைத்துக்கொண்டது. எதிர்வீட்டு அத்தை வெளியே வந்து, "இன்னாப்பா, உங்க கூரை எங்க வாசல்ல வந்து நிக்குது?" என்றார். பதிலே சொல்ல முடியவில்லை. இரவு 9 மணிக்கு நானும் தம்பியும் மண்வெட்டியோடு இறங்கி அள்ளினோம்.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினோம். வண்டி வாசலுக்கு வந்தால்தான் கடப்பாரை. மிச்சம் மீதியை சிமென்ட் சாக்கில் கட்டி வீட்டுக்குள்ளேயே அடுக்கினோம். சாக்கடைமேல் பலகை, அதன்மேல் தார்பாய். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

வண்டி பேசும்போது இன்னொன்றும் கேளுங்கள்: எங்கே கொட்டுவீர்கள்? நான் கேட்டதற்கு முதலில் வந்த வண்டிக்காரர், "அது உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார். அதற்கு அர்த்தம் நமக்குத் தெரியாதா? இருட்டியதும் பாலாற்றங்கரை அல்லது ஏதாவது ஏரி. அவரை அனுப்பிவிட்டேன். 2016இல் வந்த கட்டடக் கழிவு விதிகளே சாலையில், சாக்கடையில், பொது இடத்தில் கொட்டக்கூடாது, கான்கிரீட், செங்கல், மரம், மண் என்று பிரித்துவை என்று சொல்லிவிட்டன. பாகாயம் பக்கம் புதிதாக வீடு கட்டும் ஒரு நண்பருக்குப் பேஸ்மென்ட் நிரப்ப ரப்பீஸ் தேவைப்பட்டது. எல்லா லோடும் அங்கேதான் போகிறது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் இப்படி யாராவது அகப்படுவார்கள்.

ஆனால் அதில் கலக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. பின்னால் குளியலறைமேல் 4 ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருந்தது. ஆட்கள் சுத்தியலை எடுத்துவிட்டார்கள், நான் ஓடிப்போய்த் தடுத்தேன். உடைத்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிடும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு சீட்டாக இறக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். நண்பர் வீட்டு பேஸ்மென்டுக்கு அது போகாது. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன்.

தேக்கு உத்திரம் 11 தேறியது. அதோ, திண்ணையில் அடுக்கியிருக்கிறது. ஒன்றை மட்டும் கரையான் தின்றிருக்கிறது, அதுவும் சுவருக்குள் இருந்த முனையில். அம்மா ஒன்றையும் விற்க விடமாட்டேன் என்கிறார்.

ஹாரன் கேட்கிறதா? டிராக்டர் ரிவர்ஸில் சந்துக்குள் வருகிறது. என் பைக் குறுக்கே நிற்கிறது, ஒரு நிமிடம்...