ஓமத்தை ஏன் திறந்து வெச்சுக் காய்ச்சக் கூடாது? மூலிகைச் சத்து குடலுக்குப் போற வழி

[காட்சி: கடலூர், திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயில் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. சாக்குகள்ல ஓமம், கடுக்காய், நிலவாகை இலை.]

குரல்: சூலை நோயில துடிச்ச அப்பருக்கு, இங்க பக்கத்துல திருவதிகையில, திருநீறு கிடைச்சுது. பண்ருட்டிப் பலாவை ஒரு கை பார்த்துட்டு வயிறு பொருமி நிக்கிற நமக்கு ஓமம்தான்.

அந்த ஓமத்தை வீட்ல என்ன பண்றோம்? திறந்த பாத்திரத்துல போட்டு எட்டொன்னா வத்தக் காய்ச்சுறோம். தெருவே மணக்குது. அந்த மணம்தாங்க மருந்து! அது ஜன்னல் வழியா போயிடுச்சு. டம்ளர்ல மிச்சம் இருக்கிறது காரமும் கசப்புமா கொஞ்சம் தண்ணி.

[காட்சி: மூடிய பாத்திரம், வளைஞ்ச குழாய், சொட்டுச் சொட்டா இறங்குற நீர்.]

ஓமத்துல முக்கியமான சத்து தைமால். தனியா காய்ச்சினா அது கொதிக்க 232 டிகிரி வேணும். ஆனா நீராவியோட சேர்ந்துட்டா 100 டிகிரிக்குள்ளயே கிளம்பிடும். அந்த ஆவியைக் குளிர வெச்சுப் பிடிச்சா ஓமத் தீநீர். சித்த மருத்துவத்துல இப்படி வடிக்கிற கருவிக்கு வாலைன்னு பேரு. இன்னிக்கு வாசனை எண்ணெய் ஆலையில நடக்கிறதும் இதே வேலைதான், பாத்திரம் மட்டும் எஃகு. இறுகிப்போன குடல் தசையை ஓமச் சத்து தளர்த்துறதை விலங்குகளோட குடல் திசுவுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. வீட்ல வாலை இல்லையா? வெந்நீர்ல ஓமத்தைப் போட்டு உடனே மூடி வைங்க. போதும்.

[காட்சி: கடுக்காய்த் தோல், மண்சட்டி.]

கடுக்காய் கதை வேற. அதோட துவர்ப்புக்குக் காரணமான டானின் தண்ணியிலயே கரையும், ஆவியில பறக்காது. தாராளமா கொதிக்க விடலாம். இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம். டானினும் இரும்பும் சேர்ந்தா மை மாதிரி கருத்துடும். பழைய காலத்துல இப்படித்தான் எழுதுற மையே செஞ்சாங்க! இந்த டானின்ல ஒரு வகையைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் உடைச்சு யூரோலித்தின்னு வேற பொருளாக்கும். ஆனா எல்லார் குடல்லயும் அந்த நுண்ணுயிர் இருக்கிறதில்ல. ஒரே கசாயம் உங்களுக்கும் உங்க மாமியாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யணும்னு இல்லங்க.

மஞ்சளோட குர்க்குமின் தண்ணியில கரையவே கரையாதுன்னு சொல்லலாம். ரத்தத்துல சேர்றதும் ரொம்பக் கம்மி. கூடவே மிளகுல இருக்கிற பைப்பரின் கொடுத்தப்போ, சேர்ற அளவு சுமார் 20 மடங்கு கூடினதா பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998-ல சொல்லுச்சு. உடனே மாத்திரை வாங்க ஓடாதீங்க. செறிவாக்கின மஞ்சள் மாத்திரையால கல்லீரல் கெட்டவங்களும் இருக்காங்க. குழம்பு மஞ்சள் வேற, மாத்திரை வேற.

[காட்சி: நிலவாகை இலை. பிறகு குடலின் வரைபடம்.]

இருக்கிறதுலயே எனக்குப் பிடிச்சது, மலச்சிக்கலுக்குச் சாப்பிடுற நிலவாகைதான். திருநெல்வேலிச் சீமை இலை, உலகச் சந்தையில அந்த ஊர் பேர்லயே விக்குது. இதோட சத்து சென்னோசைடு. சர்க்கரையோட பிணைஞ்சு இருக்கிறதால சிறுகுடல் அதை உறிஞ்சாது, அப்படியே கீழ தள்ளிடும். பெருங்குடலுக்குப் போனதும் அங்க இருக்கிற நுண்ணுயிர்கள்தான் பூட்டைத் திறக்கும். அப்புறம்தான் குடல் அசையும். அதாவது, மருந்தோட கடைசிப் பக்குவம் நடக்கிறது உங்க வயித்துக்குள்ள.

இதுக்கு 6-லிருந்து 12 மணி நேரம் ஆகும். அதனாலதான் ராத்திரி சாப்பிடச் சொல்றாங்க. மாசக்கணக்குல தொடர்ந்து எடுத்தா உடம்புல பொட்டாசியம் குறையும். கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய மருந்து சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம தொட வேண்டாம்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் நடக்கலையேன்னு இன்னொரு ஸ்பூன் போட்டுக்கிறவங்க நிறைய. முதல் ஸ்பூன் இன்னும் சிறுகுடலையே தாண்டியிருக்காதுங்க.