நவாயியின் அடிகளும் நாதிராவின் துயரமும்

வணக்கம் நேயர்களே.

மத்திய ஆசியாவில், இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் கோகந்தின் ராணி நாதிராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சாவிலிருந்துதான் தொடங்குவார்கள். 1842இல் புகாராவை ஆண்ட அமீர் நஸ்ருல்லா கோகந்தைப் பிடித்து, அவரையும் அவர் மகன்களையும் கொன்றான். கொடுமைதான். நான் பேச வந்தது அவருடைய கவிதையை. அதற்குக் கவிஞர் அலிஷேர் நவாயியிடம் போக வேண்டும்.

நவாயி 15ஆம் நூற்றாண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஹெராத்தில் வாழ்ந்தவர். கவிதை என்றால் பாரசீகம் என்றிருந்த காலத்தில், துருக்கிய மொழி அதற்குச் சளைத்ததல்ல என்று வாதாடி 1499இல் ஒரு நூலே எழுதினார். பாரசீகத்தையும் அவர் விடவில்லை. அதில் எழுத ஃபானி என்று தனிப் புனைபெயர் வைத்துக்கொண்டார். நாதிராவும் அதே வழிதான். 1792இல் அந்திஜானில் பிறந்த அவருடைய இயற்பெயர் மஹ்லர் ஆயிம். புனைபெயர்களோ தாய்மொழியான துருக்கியத்தில் நாதிரா, காமிலா, பாரசீகத்தில் மக்னூனா.

நவாயியின் கஜல்களுக்கு, அதாவது ஈரடிகளால் ஆன காதல் பாடல்களுக்கு, இவர் முகம்மஸ் எழுதினார். முகம்மஸ் வேறொன்றுமில்லை, மூத்த கவிஞரின் ஒவ்வொரு ஈரடிக்கும் முன்னால் நம் மூன்று அடிகளைச் சேர்த்து ஐந்தடியாக்குவது. சந்தமும் இயைபும் பிசகக் கூடாது. இதை வெறும் போலச்செய்தல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நவாயியின் அடிகள் எந்தத் துயரத்தின் முடிவில் வந்து விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் நாதிராதானே?

கஜலில் பிரிவு ஒரு மரபு. காதலி முகம் காட்டமாட்டாள், காதலன் உருகுவான். நாதிராவுக்கு அது வீட்டுக்குள்ளேயே நடந்தது. கணவர் உமர் கான், அமீரி என்ற பெயரில் எழுதிய கவிஞர், 1822இல் இறந்துபோனார். நாதிராவுக்கு அப்போது 30 வயது. அரியணை ஏறிய மகன் மதலியோ பதின்வயதுப் பையன். கஜல் உலகம் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவந்த தோட்டமும் இரவும் கண்ணீரும் இவரிடம் வந்தபோது கணவனை இழந்தவளின் புலம்பலாகிவிட்டன. மொழியும் கைகொடுத்தது. துருக்கியத்தில் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது. ஆண் சொன்ன அடியை எழுத்து மாறாமல் ஒரு பெண் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, நவாயி அரண்மனைப் பெண்களுக்கு மட்டும்தான் கிடைத்தாரா? இல்லை. பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பாடம் சொன்ன ஆசிரியைகள் அந்த ஊர்களில் இருந்தார்கள். ஹாஃபிஸ், ஃபுசூலி போன்ற பழைய கவிஞர்களோடு நவாயியும் அந்தப் பாடங்களில் உண்டு. நாதிராவின் தோழி, மர்கிலான் ஊர்க் கவிஞர் உவைசி, அப்படியொரு ஆசிரியைதான். நவாயி கஜல்களுக்கு அவரும் முகம்மஸ் எழுதியிருக்கிறார்.