எல்க் தோலுக்கடியில் கிடைத்த செப்புக் குண்டு

வணக்கம் மக்களே! இதைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், கொஞ்சம் ஃபோகஸ் ஆகட்டும். தெரிகிறதா? நாலு இதழ் விரிந்த பூ மாதிரி இருக்கிறதே, போன சனிக்கிழமை வேட்டையில் என் எல்க்கை, அதாவது பெரிய மான் வகையை, விழ வைத்த குண்டு இதுதான். பார்ன்ஸ் கம்பெனியின் டிடிஎஸ்எக்ஸ், எடை 168 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டை எடை போடும் சின்ன அலகு). முழுக்கச் செம்பு, உள்ளே பொட்டு ஈயம் கிடையாது. வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் தராசில் வைத்தேன். 166.3 கிரெய்ன். எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், அதே 166.3. முனையில் இருந்த நீல பிளாஸ்டிக் பிய்ந்து போனதையும் சேர்த்தே குறைந்தது 1.7 கிரெய்ன்தான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது!

போன வருட எல்க் வீடியோ பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அது ஈயக் குண்டு. முன்தோள் முழுக்க இரத்தம் கட்டிப்போய், மூன்று கிலோ கறியை வெட்டி எறிந்தேன். அதைவிட மனதை உறுத்தியது வேறு விஷயம். 2008-இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு என்று வேட்டைக்காரர்கள் கொடுத்த மான் கொத்துக்கறியை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள்கள் இருந்தன. அந்தக் கறியை வெளியே எறியச் சொன்னது மாநில அரசு. என் வீட்டில் நான் கொண்டுவரும் வேட்டைக் கறியைச் சாப்பிடுவது ஐந்து வயதுக் குழந்தை. இங்கே கொலராடோவில் செம்பு கட்டாயம் இல்லை, நானாகத்தான் மாறினேன்.

சரி, வேட்டைக்கு வருகிறேன். மீக்கர் என்ற ஊருக்கு மேலே, ஒயிட் ரிவர் பக்கம். காலை ஏழரை மணி, ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்றது. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் 210 யார்டு. என் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் ரைஃபிளில் அந்தத் தூரத்தில் குண்டின் வேகம் நொடிக்கு 2,400 அடி சுமார். தோள் எலும்பைப் பார்த்தே சுட்டேன். நாற்பது யார்டு ஓடி விழுந்தது. தோல் உரிக்கும்போது, மறுபக்கத் தோளுக்கு வெளியே தோலுக்கடியில் புளியங்கொட்டை மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டது. கீறிப் பார்த்தால் இது! இரண்டு தோளையும் உடைத்துக்கொண்டு போய்த் தோலில் மாட்டி நின்றிருக்கிறது. இரத்தம் கட்டிய கறி இந்தத் தடவை ஒரு கையளவுகூட இல்லை.

"செம்பு ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும், மிருகம் விழாது" என்று கமெண்டில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்படி நடப்பதும் உண்டு, வேகம் இல்லாதபோது. இதன் மூக்கில் ஒரு குழி இருக்கிறது. ஈரமான சதையில் மோதும் அழுத்தத்தில்தான் அந்தக் குழி வெடித்து இதழ் விரிகிறது. நொடிக்கு 1,800 அடிக்குக் கீழே போனால் விரியும் என்று நான் நம்ப மாட்டேன். அதனால் என் எல்லை 350 யார்டு, அதற்கு மேல் சுடவே மாட்டேன். அப்புறம், ஈயத்தில் 180 கிரெய்ன் சுட்டவர் செம்பிலும் 180 வாங்க வேண்டியதில்லை. எடை சிதறாமல் அப்படியே உள்ளே போகிறது, எடையில் ஒரு படி இறங்கி வேகத்தை வாங்குங்கள். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். குண்டைச் சுழல வைக்கக் குழாய்க்குள் போட்டிருக்கும் முறுக்குக் கோடுகள் சில பழைய ரைஃபிள்களில் அவ்வளவு நீளத்துக்கு ஒத்துவராது.

விலை! இதைச் சொல்லாமல் விட மாட்டேன். இருபது தோட்டா உள்ள பெட்டி 58 டாலர், வரி தனி. ஒரு தடவை விசையை இழுத்தால் மூன்று டாலர் காலி! மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் ஸ்டாக் இல்லை. இரண்டாவதில் 150 கிரெய்ன்தான் இருந்தது. மூன்றாவதில் ஒரே ஒரு பெட்டி, அதையும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார், நாற்பது நிமிடம் நின்றேன். பக்கத்திலேயே ஈயம் 34 டாலர். டென்மார்க்கில் 2024 ஏப்ரலிலிருந்து வேட்டைக்கு ஈய ரைஃபிள் குண்டே தடை, கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து தடை. அங்கே உள்ளவர்கள் எல்லோரும் இந்த விலையைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்! அரிசோனாவில் காண்டார் கழுகு இருக்கும் பகுதி வேட்டைக்காரர்களுக்கு மாநிலத் துறையே செப்புத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. எனக்குப் பிடித்த வழி அதுதான். 1982-இல் உலகத்திலேயே 22 காண்டார்தான் மிச்சம். சுட்ட மிருகத்தின் குடலை நாம் காட்டில் விட்டுவருகிறோம், அதைத் தின்னும்போது உள்ளே போகும் ஈயம்தான் இன்றைக்கும் அவற்றைக் கொல்கிறது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். சுட்டுப் பழகும் ரேஞ்சில் முதல் நாள் 100 யார்டில் மூன்று குண்டும் மூன்று அங்குலத்துக்குச் சிதறின. குண்டுதான் மோசம் என்று நினைத்தேன். இல்லை, ரைஃபிள் குழாயில் பழைய குண்டுகளின் படிவு. அம்மோனியா கலந்த சால்வென்ட் போட்டுத் தேய்த்தேன், துணி நீலமாக வந்துகொண்டே இருந்தது, ஒன்பதாவது துணிதான் வெள்ளையாக வந்தது. மறுநாள் ஒன்றேகால் அங்குலம்! 1989-இல் வந்த பார்ன்ஸின் முதல் எக்ஸ் குண்டுக்கு இந்தப் படிவுதான் பெரிய கெட்ட பெயர். 2003-இல் குண்டின் உடம்பில் பள்ளக் கோடு போட்டு டிஎஸ்எக்ஸ் என்ற குண்டைக் கொண்டு வந்த பிறகுதான் அது குறைந்தது. நீங்கள் மாறினால் முதலில் குழாயைச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் ரைஃபிளைத் திட்டுங்கள்.

பெட்டியில் மிச்சம் ஏழு தோட்டா. அடுத்த ஞாயிறு பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்து, 350 யார்டிலிருந்து சுடப் போகிறேன். அங்கேயும் இதழ் இப்படி விரிகிறதா என்று அதே தராசோடு வந்து காட்டுகிறேன்.